பேட்டரி தீரும்வரை

பொம்மனஹள்ளி, பெங்களூரு
16 ஜனவரி 2025

நைனாவுக்கு,

ஜெய்பீம். நான் சௌக்கியம். நீயும் அம்மாவும் எப்படி இருக்கீங்க? அம்மாகிட்ட தினம் போன்ல பேசறேன். உன்னைப் பத்திக் கேட்டா, "அவருக்கென்ன, கல்லுகுண்டு மாதிரி இருக்காரு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடறா. போனை உன் காதுல வச்சா நீ "ஆங், ஆங், சரி சரி"ன்னு சொல்லிட்டுத் திருப்பிக் குடுத்துடற. நான் என்ன கேட்டேன்னு உனக்குத் தெரியாது, நீ எதுக்கு சரின்னு சொன்னேன்னு எனக்குத் தெரியாது. மெசேஜ் போடலாம்னா, கண்ணாடியில விரலைத் தேய்க்கிற வேலை எனக்கு வராதுன்னுட்ட. அதனாலதான் இந்த இன்லேண்ட் லெட்டர். போஸ்ட் ஆபீஸ்ல கேட்டா அந்தம்மா என்னை ஒரு மாதிரி பாத்துட்டுத்தான் எடுத்துக் குடுத்தாங்க.

பொங்கலுக்கு வரலைன்னு கோவமா? ஆபீஸ்ல வேலை கழுத்தை நெரிக்குது. என்ன வேலைன்னு கேட்ட இல்ல, சொல்றேன். சுரங்கத்துல பாறையைத் துளைக்கிற மெஷின் உன் காதைத் தின்னுடுச்சு. உன்னை மாதிரி ஆளுங்களுக்குத்தான் இது. ரெண்டு துண்டு. ஒண்ணு குட்டி மைக், பேசறவங்க சட்டைக் காலர்ல குத்திக்கணும். இன்னொண்ணு கேக்கறவங்க காதுக்குள்ள. காலர்ல பேசினது கம்பியே இல்லாம நேரா காதுக்கு வந்துடும். பஸ் சத்தம், சந்தைச் சத்தம் எதுவும் குறுக்கே வராது.

அந்த மைக்குக்குள்ள ஒரு சிப். அதுல ஒரு சின்ன இடம் என்னோடது. பொத்தான் அளவு பேட்டரி, அது இறங்க இறங்க அனுப்பற சிக்னலும் தள்ளாட ஆரம்பிக்கும். தள்ளாட விடாம பிடிச்சு நிறுத்தறது என் சர்க்யூட். பிடிக்கிறேன் பேர்வழின்னு அதுவே பேட்டரியைக் குடிச்சுத் தீர்த்துடவும் கூடாது. மார்ச் கடைசியில டிசைன் ஃபேக்டரிக்குப் போகணும். மூணு பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருத்தியா செய்யறேன், நல்லாவே செய்யறேன்.

அக்டோபர்ல வாங்கிக் குடுத்த காது மெஷின் எப்படி இருக்கு? போடறியா? உண்மையைச் சொல்லு.

உடம்பைப் பாத்துக்கோ. அம்மாகிட்ட சண்டை போடாத.

உன் மகள்
சங்கமித்ரா


சாம்பியன் ரீஃப், கே.ஜி.எஃப்.
29 ஜனவரி 2025

மகள் சங்கமித்ராவுக்கு நைனா எழுதறது.

ஜெய்பீம். இங்க நானும் உன் அம்மாவும் திடமா இருக்கோம். நீ ஒழுங்கா சாப்பிடறியா? பெங்களூர்ல பனி அதிகம்னு பேப்பர்ல போட்டிருந்தான், காதைக் கட்டிக்கோ.

லெட்டர் வந்தது. ரெண்டு தரம் படிச்சேன். பொங்கலுக்கு வராததுக்குக் கோவம் இல்ல. அம்மாவுக்குத்தான் கோவம், எனக்குன்னு எழுதச் சொன்னா.

மெஷின் ஜோரா கேக்குது. தினம் போட்டுகினு இருக்கேன். ஞாயித்துக்கிழமை விகாரையில கூட்டம். நம்ம சுந்தரமூர்த்தி தலைவர் ஆனதுல இருந்து அரைமணிக்குக் குறைஞ்சு பேசறதே இல்ல. எல்லாம் கேட்டேன். நல்ல விஷயமாத்தான் பேசினான்.

உன் சர்க்யூட்டு பத்தி நீ எழுதினது பாதி புரிஞ்சது. புரிஞ்ச பாதி நல்லா இருக்கு. மூணு பேர் வேலையை ஒருத்தி செய்யறேன்னு எழுதியிருக்க. அதை என்கிட்ட பெருமையா எழுதாத, உன் மேஸ்திரிகிட்ட சண்டையா சொல்லு.

உடம்பு பத்திரம். மொட்டை மாடியில துணி காயப்போடும்போது கைப்பிடிச் சுவர் பக்கம் போகாத.

இப்படிக்கு
உன் நைனா கிருஷ்ணப்பா


பொம்மனஹள்ளி
18 பிப்ரவரி 2025

நைனா,

ஜெய்பீம். நான் நல்லாத்தான் இருக்கேன், கொஞ்சம் தூக்கம்தான் கெட்டுப்போச்சு. அம்மாவோட முட்டிவலி குறைஞ்சுதா? நீ தைலம் தேய்ச்சு விடறியா, இல்ல தைலத்தை எடுத்து நீட்டறதோட சரியா?

இங்க ஒரு ரகளை. என் சர்க்யூட்டை எல்லா நிலைமையிலயும் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கணும். சூடு, குளிர், புது பேட்டரி, பழைய பேட்டரி. எல்லாத்துலயும் சிக்னல் சும்மா கோடு போட்ட மாதிரி நிக்குது. ஒண்ணே ஒண்ணுலதான் உதைக்குது. பேட்டரி சாகப் போற நேரம். அப்ப சிக்னல் ஊஞ்சல் மாதிரி ஆடுது. காதுல வச்சவங்களுக்கு அது 'கூ'ன்னு விசில் அடிச்ச மாதிரி கேக்கும்.

ஏன் ஆடுதுன்னா, கரண்டை மிச்சம் பிடிக்கணும்னு சர்க்யூட்டை ரொம்பப் பட்டினி போட்டுட்டோம். தண்ணிக் குழாய்கிட்ட தூங்குமூஞ்சியை உக்கார வச்ச கதைதான். குடம் வழிஞ்ச பிறகு மூடுவான், தண்ணி நின்னுபோன பிறகு திறப்பான். பேட்டரி நல்லா இருக்கற வரைக்கும் அவன் தூக்கம் வெளியில தெரியாது. பேட்டரி தளர்ந்ததும் தெரிஞ்சுடும்.

சரி பண்ண வழி இருக்கு. பேட்டரி இறங்கற நேரத்துல மட்டும் அவனுக்குக் கொஞ்சம் கூடுதலா கரண்ட் குடுத்து முழிக்க வைக்கணும். அதுக்கு எனக்கு அஞ்சாறு வாரம் வேணும். மானேஜர் ரகுராம் தர மாட்டேங்கறார். "இந்த ஒண்ணை விட்டுடலாம்"ங்கறார். எங்க வேலையில அதுக்கு ஒரு முறை உண்டு. குறை இருக்குன்னு தெரியும், தெரிஞ்சே விடறோம், இதனால ஆபத்து இல்லன்னு சிஸ்டத்துல ஒரு வரி. அதுக்குப் பக்கத்துல அந்த சர்க்யூட் யாரோடதோ அவங்க பேர். அந்த இடத்துல ஒரு பேர் விழாம டிசைன் வெளியே போகாது.

"ஆகல்ல சார்", முடியாதுன்னு கன்னடத்துலயே சொல்லிட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாதுன்னு அப்புறம் சாக்குச் சொல்லக்கூடாது பாரு.

ரெண்டு பேரும் சுகமா இருங்க. பதில் போடு.

மித்ரா


சாம்பியன் ரீஃப்
27 பிப்ரவரி 2025

மகளே,

ஜெய்பீம். எல்லாரும் சுகம். அம்மா முட்டிக்குத் தைலம் நான்தான் தேய்க்கிறேன், விசாரிச்சுக்கோ.

பேரைப் போட்டுடு.

நான் சொல்றேன்னு உனக்கு ஆச்சரியமா இருக்கும். இருக்கட்டும். சுரங்கத்தை மூடினப்போ எத்தனை கேட்டு முன்னால நின்னேன்னு உனக்குத் தெரியும். கோஷம் போட்டோம், பட்டினி கிடந்தோம். கடைசியில கேட்டு மூடினது மூடினதுதான். அப்புறம் விடியக்கால ரயில்ல பெங்களூருக்குத் தொங்கிகினு வந்து எவனோ அபார்ட்மென்ட்டுக்கு வாட்ச்மேனா கம்பு பிடிச்சு நின்னேன். அப்போ எனக்குக் கூட நிக்க ஆயிரம் பேர் இருந்தாங்க. உனக்கு அந்த ஆபீஸ்ல யார் இருக்கா? நம்ம சுரங்க லைன் வீடுங்கள்ல இருந்து அந்த மாதிரி கண்ணாடிக் கட்டடத்துக்குள்ள நாற்காலி போட்டு உக்காந்தவ நீ ஒருத்தி. ஒரு விசிலுக்காக அந்த நாற்காலியை விடுவியா?

எவனாவது காதுல 'கூ'ன்னு கேட்டா கழட்டி வச்சிட்டுப் போறான். உயிரா போயிடும்? கழட்டி வச்சா சும்மா இருக்கும்.

தலைக்கு எண்ணெய் வை. தூக்கம் வரும்.

நைனா


பொம்மனஹள்ளி
8 மார்ச் 2025

நைனாவுக்கு,

இந்த லெட்டர்ல நலம் விசாரிப்பு கிடையாது. நீ திடமாத்தான் இருக்கேன்னு தெரியும், திடமா பொய் சொல்ற.

"கழட்டி வச்சா சும்மா இருக்கும்"னு எழுதினியே, அந்த வரியைப் படிச்சதும் எனக்குச் சுருக்குன்னுது. உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன். முதல்ல மழுப்பினா. அப்புறம் அழுதுட்டா. மெஷின் டிசம்பர்ல இருந்தே பிஸ்கட் டப்பாவுல கிடக்காமே? கூட்டத்துக்கே நீ போறதில்லையாமே? சுந்தரமூர்த்தி அரைமணி பேசினதை எல்லாம் கேட்டேன்னு எனக்கு எழுதறியே, எங்க இருந்து கேட்ட? சமையக்கட்டுல இருந்தா?

எத்தனை மாசமா என்கிட்ட "ஜோரா கேக்குது". இப்ப வந்து பேரைப் போட்டுடுங்கற. நீயா? வாயிலயும் வயித்துலயும் அடிச்சாலும் சுரங்கத்தை மூடற காகிதத்துல கையெழுத்துப் போட மாட்டேன்னு நின்ன ஆளா எனக்கு இதை எழுதறது? எனக்கு எரியுது நைனா. எழுத்து பாரு எப்படிப் போகுதுன்னு.

என்ன நடந்துச்சுன்னு எழுது. எழுதலைன்னா ஏப்ரல் பதினாலுக்குக் கூட ஊருக்கு வர மாட்டேன்.

மித்ரா


சாம்பியன் ரீஃப்
2 ஏப்ரல் 2025

மகள் சங்கமித்ராவுக்கு,

ஜெய்பீம். நீ விசாரிக்கலைன்னா நான் விசாரிக்கக்கூடாதா? எப்படி இருக்க? சாப்பிடறியா?

பதில் எழுத நாளாச்சு. மூணு இன்லேண்ட் கிழிச்சுப் போட்டேன். அம்மா பாத்து, "எழுதறதுக்குன்னு வாங்கறீங்களா, கிழிக்கறதுக்குன்னு வாங்கறீங்களா"ன்னா.

ஆமா, கழட்டித்தான் வச்சேன். என்ன இப்ப?

டிசம்பர் ஆறாம் தேதி நினைவு நாள் கூட்டம். விகாரை நிறைஞ்ச கூட்டம். எல்லாரும் எழுந்து மௌனமா நிக்கறோம். ஊசி போட்டா சத்தம் கேக்கும்பாங்களே, அந்த மாதிரி. அப்ப என் காதுல இருந்து 'கூ'ன்னு ஆரம்பிச்சுது. எனக்குக் கேக்கறதுக்கு முன்னால பக்கத்துல இருந்தவங்களுக்குக் கேட்டுச்சு. ஒரு பொடிசு சிரிச்சுது. அப்புறம் பெருசுங்களும் சிரிச்சுதுங்க. சுந்தரமூர்த்தி மேடையில இருந்து சைகை காட்டறான், கழட்டிப் பாக்கெட்டுல போடுன்னு. அம்பது வருஷமா நான் ஜமக்காளம் விரிச்ச விகாரை அது. கழட்டினேன். வெளிய வந்தேன். அதோட சரி. மூஞ்சியில காறித் துப்பியிருந்தா திருப்பித் துப்பியிருப்பேன். சிரிச்சாங்க மகளே. சிரிப்புக்கு என்னன்னு பதில் சொல்றது?

மெஷின் மேல தப்பில்ல. பேட்டரி பழசு. ராபர்ட்சன்பேட்டையில அந்தப் பொத்தான் பேட்டரி கிடைக்கிற கடை எப்பவாவதுதான் திறப்பான். அதனால நான் ஜன்னல்ல வெயில் படற இடத்துல வச்சு எடுத்து மறுபடி போடுவேன். டார்ச் லைட்டு பேட்டரிக்குச் செய்வோமே, அதே மாதிரி. மறுபடி ஓடும். ஓடி ஓடி, போற நேரத்துல கூவும். உயிர் இருக்கற பேட்டரியை எப்படித் தூக்கிப் போடறது?

உன் லெட்டரைத் திரும்பப் படிச்சேன். நீ எழுதின அந்த ஊஞ்சல் ஆட்டம், அந்த 'கூ', அதுதானே இது? அந்தத் தூங்குமூஞ்சிதானே டிசம்பர்ல என்னைச் சந்தி சிரிக்க வச்சவன்?

போடாத. பேரைப் போடாத. நாற்காலி போனா போகட்டும், கம்பு பிடிச்சு நிக்க எனக்கு இன்னும் தெம்பு இருக்கு.

உன் நைனா கிருஷ்ணப்பா

பதினாலாம் தேதி வா. அம்மா உனக்காகக் கருவாடு வாங்கி வச்சிருக்கா.


பொம்மனஹள்ளி
24 ஏப்ரல் 2025

என் நைனாவுக்கு,

ஜெய்பீம். ஊர்ல இருந்து வந்து சேர்ந்தேன், சளி பிடிச்சிருக்கு, மத்தபடி சுகம். பதினாலாம் தேதி வீட்ல சொந்தக்காரங்க கூட்டத்துல உன்கிட்ட சண்டை, சமாதானம் ரெண்டையும் சைகையிலயே முடிச்சதால ஆபீஸ் கதையைச் சொல்ல முடியல. இப்ப எழுதறேன். உக்காந்து படி.

மார்ச் கடைசியிலேயே ரிவ்யூ நடந்துடுச்சு. உன் லெட்டர் வர்றதுக்கு முன்னாலயே நான் முடிச்சுட்டேன், அதைத் தெரிஞ்சுக்கோ. பெரிய மேசை, சுத்தி எல்லா டீமும். ரகுராம் அந்த வரியைத் திரையில போட்டுட்டு, "சங்கமித்ரா, பேட்டரியைச் சாகற வரைக்கும் யாரு ஓட்டுவாங்க? சிவப்பு லைட் வந்தா மாத்திடுவாங்க"ன்னார்.

"எங்க வீட்ல ஓட்டுவாங்க சார்"னேன். "எங்க தெருவே ஓட்டும். எவன் எவனுக்குக் காது போச்சோ, அவன் எல்லாம் அப்படி ஓட்டறவன்தான்."

"மேனுவல்ல தெளிவா எழுதிடலாம்"னார்.

"மேனுவலை மடிச்சு ஆடற கட்டிலுக்கு முட்டுக் குடுப்பாங்க சார்."

ரெண்டு பேர் சிரிச்சாங்க. அவர் முகம் சிவந்துடுச்சு. நரேஷ் தெரியும் இல்ல, அத்திபெலே பையன், என் பக்கத்து சீட்டு. "இந்த சர்க்யூட்டை நரேஷ் பேருக்கு மாத்திடறேன், அவர் போடட்டும்"னார் ரகுராம். நரேஷ், "சார், அது எனக்குத் தெரியாத சர்க்யூட். ஆபத்து இல்லன்னு நான் எப்படி எழுதறது?"ன்னான். அப்புறம் இன்னொருத்தரைப் பாத்தார், அவரு லேப்டாப்புக்குள்ள தலையை விட்டுக்கிட்டார்.

நான் சொன்னேன், "ஒண்ணும் ஆகாதுன்னு உறுதியா சொல்றது நீங்கதான் சார். உங்க பேரையே போட்டுடுங்க. மானேஜர் போடலாம், சிஸ்டம் ஒத்துக்கும்."

கீபோர்டுல கை வச்சார் நைனா. வச்ச கை அப்படியே இருந்துச்சு. அப்புறம் லேப்டாப்பை மூடிட்டு வெளியே போயிட்டார்.

தேதி தவறிப்போச்சு. சரி பண்ண டைம் கிடைச்சுது, இப்ப பண்ணிக்கிட்டு இருக்கேன், நல்லா வருது. ஆனா அதுக்குக் கூலியா ஒரு காகிதம் நீட்டியிருக்கார். தாமதத்துக்கு முழுக் காரணம் நான், என் ஒத்துழையாமைன்னு. நவம்பர் வரைக்கும் என்னைக் "கண்காணிப்பாங்களாம்". வேலையை விட்டு அனுப்பறதுக்கு எங்க ஆபீஸ்ல அதுதான் மரியாதையான பேர். கையெழுத்துப் போடுன்னாங்க. அதுலயும் போடல. இந்த வருஷம் என் பேனாவுக்கே லீவு.

சர்க்யூட் முடிஞ்ச அன்னைக்கு அது நரேஷ் பேருக்கு மாறிடுமாம். அதைத்தான் என்னால விட முடியல. நான் பெத்தது.

அம்மாகிட்ட காகித விஷயத்தைச் சொல்லாத. நீ எப்படி இருக்க?

மித்ரா


சாம்பியன் ரீஃப்
12 மே 2025

மகளே,

ஜெய்பீம். சுகம். சளி போச்சா? மிளகு போட்டுக் குடி.

லெட்டரைப் படிச்சிட்டு டப்பாவைத் திறந்தேன். மெஷினை எடுத்தேன், பழைய பேட்டரியையே போட்டேன். இன்னைக்கு புத்த பூர்ணிமா. விகாரைக்குப் போய் முதல் வரிசையில உக்காந்தேன். நடுவுல கூவ ஆரம்பிச்சுது. சுந்தரமூர்த்தி சைகை காட்டினான். நான் எழுந்து நின்னேன். "இது நான் இந்த ஊர்ப் பாறைக்குக் குடுத்த காது. கூவும். கேட்டுகினு பேசு"ன்னேன். எவனும் சிரிக்கல. அவனும் பேசினான், சீக்கிரமாவே முடிச்சிட்டான். ஜனங்க எனக்கு நன்றி சொன்னாங்க.

உன் பேர் எவனுக்கு மாறினா என்ன, ஆடாம நிக்கறது நீ நிறுத்தினதுதானேன்னு எழுத வந்தேன். அப்படி எழுத மனசு வரல. பேர் உன்னோடது. விடாத.

அம்மாகிட்ட சொல்லல. அவளா கண்டுபிடிச்சிட்டா.

நைனா


பொம்மனஹள்ளி
1 அக்டோபர் 2025

நைனாவுக்கு,

ஜெய்பீம். நடுவுல ரெண்டு லெட்டருக்கு நான் பதில் போடல, மன்னிச்சுக்கோ. உடம்புக்கு ஒண்ணுமில்ல. எழுத உக்காந்தா புலம்பலா வந்துச்சு, புலம்பறது நமக்குப் பிடிக்காது. அம்மாவுக்கு சுகர் டெஸ்ட் பண்ணியாச்சா?

சிப் வந்துடுச்சு. சுண்டு விரல் நகத்துல பாதி. உள்ள இருக்கற என் சர்க்யூட்டைப் பாக்கணும்னா மைக்ராஸ்கோப் வேணும். சிஸ்டத்துல அதுக்கு நரேஷ் பேர். அவன் என்னைப் பாத்தா தலையைக் குனிஞ்சுக்கறான், பாவம்.

மெஷின் விக்கப் போற கம்பெனிக்காரங்க நிஜமா காது கேக்காத ஒருத்தரை வச்சு சோதிச்சுக் காட்டணும்னு கேட்டிருக்காங்க. ரகுராம் புது பேட்டரி ஒரு அட்டை வாங்கி வச்சிட்டார். நான் மீட்டிங்ல கையைத் தூக்கினேன். "எங்க நைனாவைக் கூட்டிட்டு வரேன். பேட்டரியை அவரே கொண்டு வருவார்"னேன். கம்பெனிக்காரம்மாவுக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ரகுராமால வேண்டாம்னு சொல்ல முடியல.

பதினாறாம் தேதி வா. உன் மெஷினுக்குப் போடற அதே அளவு பேட்டரிதான். ஜன்னல்ல இருக்கறதுலயே மகா மட்டமானதா பாத்து எடுத்துக்கிட்டு வா. காலை ரயில்ல ஏறி கண்டோன்மென்ட்ல இறங்கு, நான் வந்து நிக்கறேன்.

கூவிச்சுன்னா நவம்பர் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அன்னைக்கே நான் காலி. எனக்குப் பயமில்ல. கொஞ்சம் இருக்கு.

மித்ரா


பொம்மனஹள்ளி
11 நவம்பர் 2025

நைனா,

ஜெய்பீம். சுகம்தானே? அம்மா சுகமா?

நேரா விஷயத்துக்கு வரேன். போன மாசம் பதினாறாம் தேதி நீ ரகுராம்கிட்ட என்ன சொன்ன?

உன் பேட்டரியைப் போட்டோம். கூவல. எல்லாரும் கை தட்டினாங்க. கம்பெனிக்காரம்மாவை லிஃப்ட் வரைக்கும் வழியனுப்பிட்டு, உனக்கு டீ வாங்கிக்கிட்டு நான் வர்றதுக்குள்ள அந்த ரூம்ல என்னமோ நடந்திருக்கு. ரகுராம் முகத்துல ரத்தமே இல்ல. நரேஷ் சுவரைப் பாத்துக்கிட்டு நிக்கறான். நீ மட்டும் கால் மேல கால் போட்டுக்கிட்டு உக்காந்திருக்க. என்னன்னு கேட்டா, "ரயிலுக்கு நேரமாச்சு"ங்கற. ஸ்டேஷன் வரைக்கும் கேட்டேன், வாயைத் திறக்கல. காது கேக்காத மாதிரி ஜன்னலைப் பாத்துக்கிட்டு வந்த.

நேத்து எனக்கு ரிவ்யூ. வேலையை விட்டு அனுப்பறதுன்னா அனுப்பட்டும், நாலு வார்த்தை கேட்டுட்டுத்தான் வெளியே வரணும்னு மனப்பாடம் பண்ணிக்கிட்டுப் போனேன். ஒண்ணும் தேவைப்படல. அந்தக் காகிதத்தை வாபஸ் வாங்கியாச்சாம். சர்க்யூட் மறுபடி என் பேர்ல. ரகுராமே சிஸ்டத்துல மாத்தியிருக்கார். பக்கத்துல காரணம்னு ஒரு கட்டம் உண்டு, அதுல "இவர் சொன்னது சரி"ன்னு எழுதியிருக்கார். அந்த மனுஷன் ஜென்மத்துல எழுதாத வரி அது. எழுதிட்டு, "உங்க அப்பா சௌக்கியமா?"ன்னு கேட்டார். என் கண்ணைப் பாக்காமலே கேட்டார்.

அவரை மிரட்டினியா? அடிச்சியா? அவர் தானா மனசு மாறினார்னா எனக்கு சந்தோஷம். நீ போய்க் கெஞ்சினதால வந்ததுன்னா, சத்தியமா சொல்றேன், அந்தப் பேரே எனக்கு வேண்டாம். நானே அழிச்சிடுவேன். உடனே எழுது.

மித்ரா


சாம்பியன் ரீஃப்
17 நவம்பர் 2025

மகள் சங்கமித்ராவுக்கு நைனா எழுதறது.

ஜெய்பீம். ரெண்டு பேரும் சுகம். அம்மாவுக்கு சுகர் கொஞ்சம் இருக்காம், அதை என்மேல போட்டுகினு இருக்கா.

கெஞ்சினேனான்னு கேட்டுட்ட. கேட்டதுக்கு உன்னை அடுத்த தரம் பாக்கும்போது வச்சுக்கறேன். மிரட்டவும் இல்ல. ஸ்டேஷன்ல சொல்லியிருந்தா நீ அங்கேயே திரும்பி ஆபீசுக்கு ஓடியிருப்ப, நான் தனியா ரயில் ஏறியிருக்கணும். வாயால சொன்னா நீ நடுவுல நடுவுல கத்துவ. எழுதினா முடியற வரைக்கும் கேட்டுத்தான் ஆகணும்.

அன்னைக்கு உன் மானேஜர் மைக்கைக் காலர்ல குத்திகினு என் முன்னால நின்னு பேசினாரு இல்ல, அது எனக்குள்ள பேசற மாதிரி இருந்துச்சு. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் ஒரு மனுஷன் மூச்சு விடற சத்தம் கேட்டேன். நான் அழலன்னு உன்கிட்ட சொன்னது பொய். சரி, அது போகட்டும்.

நீ அந்தம்மாவோட லிஃப்டுக்குப் போன. உன் மானேஜர் நரேஷைக் கூட்டிகினு வெளிய போனாரு. கண்ணாடிக் கதவைச் சாத்தினாரு. அந்தக் கதவுக்குப் பின்னால பேசினா உள்ள இருக்கறவனுக்கு எதுவும் கேக்காது, நல்ல காது இருக்கறவனுக்குக் கூட. நான் டமாரச் செவிடு வேற. ஆனா மறு துண்டு என் காதுலதான் இருந்துச்சு, காலர்ல இருந்த மைக்கைக் கழட்டணும்னு அந்த மனுஷனுக்குத் தோணவே இல்ல. தினம் அதையே கட்டிகினு அழற ஆளு!

கன்னடத்துலதான் பேசினாரு. கோலார்ல பொறந்து வளர்ந்தவனுக்கு அது தெரியாத பாஷையா? ஒரு வார்த்தை விடாம எழுதறேன்.

"அவ சொன்னதுதான் சரி. அன்னைக்கு நான் என் பேரைப் போட்டிருந்தா, இந்தக் கிழவன் பேட்டரிக்கு இப்ப ஊரே கேக்கற மாதிரி கூவியிருக்கும், நான் தெருவுல நின்னிருப்பேன். ஆனா இதை அவகிட்ட சொல்லிக்கிட்டு இருக்காத. தேதி தவறினதுக்கு மேலிடத்துல ஒருத்தர் தலையைக் கேக்கறாங்க. நவம்பர்ல அவளை அனுப்பிடறேன். சர்க்யூட் உன் பேர்லயே இருக்கட்டும்."

நரேஷ், "பாவம் சார்"னான். முதல்ல எனக்கு ரத்தம் கொதிச்சுது. எழுந்து போய் அந்தக் காலரைப் பிடிக்கலாம்னு பாதி எழுந்துட்டேன். அப்புறம் உக்காந்து கால் மேல கால் போட்டுகினேன்.

கதவைத் திறந்துகினு வந்தாரு. சிரிச்ச முகம். செவிடன்கிட்ட பேசறோம்னு குனிஞ்சு, கையை ஆட்டி, "ஐயா, எல்லாம் நல்லா கேட்டுதா?"ன்னாரு.

நானும் சிரிச்சுகினே கன்னடத்துல சொன்னேன். "ரொம்ப நல்லா கேட்டுது சார். கதவுக்கு அந்தாண்ட பேசினது வரைக்கும்."

இப்படிக்கு
உன் நைனா
கிருஷ்ணப்பா